கோப்பு எந்த அடுக்கில் நின்றது? பதிவேற்றக் கோளாறுகளைத் தேடிக் கற்றவை

இணையச் செயலிகளைப் பராமரிக்கும் பணியில் என்னிடம் அடிக்கடி வந்து சேரும் புகார், "கோப்பு ஏறவில்லை" என்பது. இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் இருக்கக்கூடும். உலாவி கோரிக்கையை அனுப்பாமலே விட்டிருக்கலாம். அனுப்பியதை நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைநிலைச் சர்வர்) திருப்பியிருக்கலாம். செயலி முழுமையாக வாங்கிக்கொண்டு வட்டில் எழுத முடியாமல் நின்றிருக்கலாம். எல்லாம் முறையாக முடிந்த பிறகு, திரும்பத் திறக்கும்போது மட்டும் கோப்பு கிடைக்காமல் போயிருக்கலாம். பயனரின் கண்ணில் படுவதோ எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சிவப்பு வரி.

கோப்பு பயனரின் கருவியிலிருந்து கிளம்பி, உலாவி, வலையமைப்பு, வெளி முகப்பில் நிற்கும் சிடிஎன் (உள்ளடக்கத்தைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் வலையமைப்பு) அல்லது லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது), ரிவர்ஸ் ப்ராக்ஸி (செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சர்வர்), வெப் சர்வர், நிரல்மொழியின் இயக்கச் சூழல், செயலியின் சொந்தச் சரிபார்ப்பு, தற்காலிகக் கோப்புறை, நிரந்தரச் சேமிப்பிடம் என்று பல கைகள் மாறித்தான் தன் இடத்தை அடைகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக ஓர் அளவு வரம்பும் ஒரு நேர வரம்பும் சில அனுமதி விதிகளும் உண்டு. ஓர் அடுக்கின் விதி அடுத்த அடுக்குக்குத் தெரியாது. அதனால், கோப்பு எந்த அடுக்கில் நின்றது என்று உறுதியாகத் தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றுவதில்லை என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். புகார் வந்தவுடன் கண்ணில் படும் வரம்புகளையெல்லாம் உயர்த்திப் பார்க்கும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அப்படிச் செய்து கோளாறு தீர்ந்துவிட்டாலும், எதனால் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தேவையில்லாமல் திறந்துவிட்ட மற்ற வரம்புகள் அப்படியே திறந்து கிடக்கும்.

பயனரிடம் முதலில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. கோப்பின் துல்லியமான அளவு, அதன் வகை, பொத்தானை அழுத்தியதிலிருந்து பிழை தோன்றும்வரை எவ்வளவு நேரம் ஆனது, வேறொரு சிறிய கோப்பு ஏறுகிறதா, முடிந்தால் அதே கோப்பின் ஒரு பிரதி. இவற்றில் நேரத்தைப் பற்றிய கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகமாக வழிகாட்டியது அந்தக் கேள்விதான். அழுத்திய உடனே பிழை வந்தால், உலாவியிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் சரிபார்ப்பையோ ஏதோ ஒரு சர்வரின் அளவு வரம்பையோ சந்தேகிக்கலாம். ஏறக்குறைய 60 விநாடியில், ஒவ்வொரு முறையும் அதே கணக்கில் பிழை வந்தால், அது நேர வரம்பு. முன்னேற்றப் பட்டை 100 விழுக்காடு வரை சென்று, அங்கே சிறிது நின்று, அதன் பிறகு பிழை வந்தால், கோப்பு சர்வரின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோளாறு அதற்குப் பிறகு நடக்கும் வேலையில் இருக்கிறது.

உலாவியின் பக்கம்

அடுத்ததாக நான் திறப்பது உலாவியின் டெவலப்பர் கருவியிலுள்ள நெட்வொர்க் பகுதி. அங்கே பதிவேற்றக் கோரிக்கை தென்படுகிறதா என்பதே முதல் கேள்வி. தென்படவில்லை என்றால் சர்வர் லாக்கை (நிகழ்வுப் பதிவேட்டை) புரட்டுவதில் பயனில்லை. கோரிக்கை இருந்தால், தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப் தலைப்பையும், அனுப்பப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையையும், பதிலின் நிலைக் குறியீட்டையும், அந்தப் பதிலை எழுதியது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். செயலி எப்போதும் ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவில்தான் பிழை சொல்லும் என்றிருக்கும்போது, வந்த பதில் ஒரு சிறிய எச்டிஎம்எல் பக்கமாக இருந்தால், அது செயலியின் பதில் அன்று. அதற்கு முன்னால் நிற்கும் ஏதோ ஓர் அடுக்கு அதை எழுதியிருக்கிறது. பதிலின் சர்வர் தலைப்பு பெரும்பாலும் அந்த அடுக்கின் பெயரையும் காட்டிவிடும்.

எச்டிஎம்எல் படிவத்தின் வழியாகக் கோப்பை அனுப்பும் முறை 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் முன்மொழியப்பட்டது. இன்று 2015இல் வெளியான ஆர்எஃப்சி 7578 அதன் வடிவத்தை வரையறுக்கிறது. அந்த முறையின்படி, படிவத்தின் என்க்டைப் பண்பு மல்ட்டிபார்ட் ஃபார்ம் டேட்டா என்று இருக்க வேண்டும். இது விடுபட்டால், உலாவி எந்தப் பிழையும் காட்டாமல் கோப்பின் பெயரை மட்டும் சாதாரண எழுத்தாக அனுப்பிவிடும். உள்ளீட்டுப் புலத்துக்கு நேம் பண்பு இல்லாவிட்டால், அல்லது சமர்ப்பிக்கும் கணத்தில் அந்தப் புலம் முடக்கப்பட்டிருந்தால், அது கோரிக்கையில் சேரவே சேராது. இருமுறை அழுத்துவதைத் தடுப்பதற்காகப் படிவத்தின் எல்லாப் புலங்களையும் முடக்கிவிட்டு, அதன் பிறகு படிவத் தரவைத் திரட்டும் நிரலில் இந்தக் கோளாற்றைச் சந்தித்தேன். தரவைத் திரட்டிய பிறகு முடக்கும்படி வரிசையை மாற்றியதும் சரியாயிற்று.

ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி மூலம் அனுப்பும் செயலிகளில் நான் முதலில் தேடுவது வேறொன்று. மல்ட்டிபார்ட் கோரிக்கையில் ஒவ்வொரு பகுதியையும் பிரிப்பதற்கு பவுண்டரி என்ற ஓர் எல்லைச் சரம் உண்டு. ஃபார்ம்டேட்டா பொருளை அப்படியே கொடுத்தால், உலாவியே அந்தச் சரத்தை உருவாக்கித் தலைப்பில் சேர்த்துக்கொள்ளும். நிரலாளர் கன்டென்ட் டைப் தலைப்பைத் தன் கையால் எழுதிவிட்டால் பவுண்டரி இல்லாத தலைப்பு போகும். எல்லை எது என்று தெரியாத சர்வர், கோப்பே வரவில்லை என்று சொல்லும். எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஜேசான் தலைப்பைத் தானாகச் சேர்க்கும் ஒரு பொது உறையை நிறுவிவிட்டு அதன் வழியாகவே கோப்பையும் அனுப்பும் திட்டங்களில் இது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அந்தத் தலைப்பை நீக்கிவிடுவதே தீர்வு.

ஒரே கோப்பை இரண்டாம் முறை தேர்ந்தெடுத்தால் எதுவும் நடக்கவில்லை என்ற புகாருக்கும் உலாவியே காரணம். தேர்வு மாறாததால் சேஞ்ச் நிகழ்வு எழுவதில்லை. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் புலத்தின் மதிப்பை வெறுமையாக்கிவிட்டால் போதும். கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு வேறொரு மென்பொருளில் அதைத் திருத்திச் சேமித்துவிட்டு, அதன் பின் பதிவேற்றினால், குரோம் உலாவி கோப்பு மாறிவிட்டது என்று கோரிக்கையையே நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் வைக்கலாம். விரிதாளைத் திறந்து வைத்தபடியே பதிவேற்றும் பயனர்களிடமிருந்து இத்தகைய புகார் வரும்.

அளவு வரம்புகளும் அவை போடும் வேடங்களும்

பதிவேற்றக் கோளாறுகளில் பெரும்பங்கு அளவு வரம்பைச் சார்ந்தது. அது 413 (கோரிக்கை உடல் மிகப் பெரியது) என்ற குறியீட்டோடு நேர்மையாக வந்து நின்றால் யாருக்கும் சிரமமில்லை. என்ஜின்எக்ஸ் சர்வரில் கோரிக்கை உடலின் இயல்பு வரம்பு 1 எம்பி மட்டுமே. பிஎச்பியில் ஒரு கோப்புக்கான இயல்பு வரம்பு 2 எம்பி, முழுக் கோரிக்கைக்கான வரம்பு 8 எம்பி, ஒரே கோரிக்கையில் ஏற்கும் கோப்புகள் 20. நோட்.ஜேஎஸ் செயலிகளுக்கான எக்ஸ்பிரஸில் ஜேசான் உடலுக்கு 100 கேபி. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் 3 கோடி பைட்டுகள். அதைத் தாண்டினால் அதன் பல பதிப்புகள் 413க்குப் பதிலாக 404.13 என்ற குறியீட்டைத் தரும் என்பதால், முகவரி தவறு என்று எண்ணி வழித்தட அமைப்பைப் பரிசோதித்து நேரத்தை இழந்தவர்கள் உண்டு. சிடிஎன் சேவையான கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் 100 எம்பி. அமேசானின் ஏடபிள்யூஎஸ் மேகச் சேவையிலுள்ள ஏபிஐ கேட்வேயில் 10 எம்பி. அதன் பின்னால் லாம்டா (நிரலை மட்டும் இயக்கித் தரும் சேவை) இருந்தால், பதிலுக்குக் காத்திருக்கும் ஒத்திசைவான அழைப்புக்கு 6 எம்பி. கோப்பை பேஸ்64 எழுத்தாக மாற்றி ஜேசானுக்குள் வைத்து அனுப்பும் செயலிகளில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 5 எம்பி கோப்பு வழியில் ஏறத்தாழ 6.7 எம்பியாகப் பயணம் செய்கிறது. திரையில் 5 எம்பி வரை அனுமதி என்று எழுதிவிட்டு, எல்லா அடுக்கிலும் 5 எம்பி என்றே வரம்பு வைத்தால், வரம்பை ஒட்டிய கோப்புகள் எல்லாம் தோற்கும். மல்ட்டிபார்ட் முறையிலும் தலைப்புகளும் மற்றப் புலங்களும் சேர்வதால், வெளி அடுக்கின் வரம்பு எப்போதும் உள் அடுக்கின் வரம்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான், பயனருக்குப் புரியும் மொழியில் மறுக்கும் வாய்ப்பு செயலிக்குக் கிடைக்கும்.

413 நேர்மையாக வராத சந்தர்ப்பங்களே நேரத்தை விழுங்குபவை. முகப்பும் ஏபிஐயும் (முகப்பு பேசும் சர்வர் பகுதியும்) வெவ்வேறு டொமைனில் இருக்கும் ஒரு செயலியில், பெரிய படங்கள் மட்டும் சிஓஆர்எஸ் (வேறு டொமைனின் பதிலைப் படிக்க உலாவி எதிர்பார்க்கும் அனுமதி) பிழையோடு தோற்றன. முகப்பைக் கவனித்த குழு, அனுமதிக்கப்பட்ட மூலங்களின் பட்டியலையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறிய படம் ஏறுகிறது, பெரிய படம் ஏறவில்லை என்றால் சிஓஆர்எஸ் காரணமாக இருக்க முடியாது. மூலத்தைச் சரிபார்க்கும் விதி கோப்பின் அளவைப் பார்ப்பதில்லை. என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைத் திறந்தபோது, வாடிக்கையாளர் அளவுக்கு மீறிய உடலை அனுப்ப முயன்றார் என்ற பொருள்படும் வரி இருந்தது. செயலிதான் சிஓஆர்எஸ் தலைப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸ் தானாக எழுதிய 413 பதிலில் அந்தத் தலைப்புகள் இல்லை. தலைப்பில்லாத பதிலை உலாவி மறைத்துவிட்டு சிஓஆர்எஸ் என்று மட்டும் அறிவித்தது. வரம்பைச் சரியாக அமைத்ததோடு, பிழைப் பதில்களிலும் அந்தத் தலைப்புகள் சேரும்படி செய்த பிறகே அந்தப் பணியை முடித்ததாகக் கருதினேன். என்ஜின்எக்ஸில் தலைப்பைச் சேர்க்கும் கட்டளை இயல்பாகச் சில நிலைக் குறியீடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அதன் இறுதியில் ஆல்வேஸ் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வேடம் பிஎச்பியில் காணக்கிடைப்பது. முழுக் கோரிக்கைக்கான வரம்பைத் தாண்டினால், பிஎச்பி படிவத் தரவையும் கோப்புத் தரவையும் சேர்த்தே வெறுமையாக்கிவிட்டு நிரலைத் தொடர்ந்து இயக்கும். படிவத்தில் வந்த சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் இரகசிய அடையாளமும்) அதோடு மறைந்துவிடுவதால், செயலி தன் பங்குக்கு "டோக்கன் பொருந்தவில்லை, மீண்டும் உள்நுழையவும்" என்று சொல்லும். பயனர் உள்நுழைந்து அதே கோப்பை மீண்டும் ஏற்றுவார். மீண்டும் வெளியே தள்ளப்படுவார். அமர்வு தொலைகிறது என்ற பெயரில் வந்த ஒரு புகாரின் வேர் இங்கேதான் இருந்தது. கோரிக்கையின் கன்டென்ட் லெங்த் தலைப்பு வரம்பைவிடப் பெரியதாக இருந்து, படிவத் தரவு வெறுமையாக இருந்தால், டோக்கனைத் தொடும் முன்பே அளவுப் பிழையைச் சொல்லிவிடும் ஒரு சோதனை இதைத் தெளிவாக்கிவிடும். கோப்பு வரம்பு மட்டும் மீறப்பட்டால் பிஎச்பி ஒரு பிழை எண்ணைத் தரும்: 1 என்றால் அமைப்புக் கோப்பின் வரம்பு மீறல், 3 என்றால் பாதிதான் வந்தது, 4 என்றால் கோப்பே தேர்ந்தெடுக்கப்படவில்லை, 6 என்றால் தற்காலிகக் கோப்புறை இல்லை, 7 என்றால் வட்டில் எழுத முடியவில்லை. இத்தனை விவரமாகக் கிடைக்கும் எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, "பதிவேற்றம் தோல்வி" என்று மட்டும் எழுதும் நிரலைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வரம்பை மாற்றியும் பலன் இல்லை என்றால், மாற்றிய கோப்பைத்தான் அந்தச் சர்வர் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டளை வரியில் இயங்கும் பிஎச்பிக்கு ஓர் அமைப்புக் கோப்பும் வெப் சர்வருக்காகப் பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் சேவைக்கு வேறோர் அமைப்புக் கோப்பும் இருப்பது வழக்கம். எஃப்பிஎம்மை மீண்டும் தொடங்காமல் மாற்றம் செயலுக்கு வராது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கும் இடத்தில் ஒன்றில் மட்டும் பழைய அமைப்பு தங்கிவிட்டால், சில சமயம் ஏறும், சில சமயம் ஏறாது. அந்த ஒழுங்கின்மையே அதன் அடையாளம்.

கோரிக்கையை உலாவி முழுமையாக அனுப்பி முடிக்கும் முன்பே சர்வர் மறுத்து இணைப்பை மூடிவிட்டால், 413 உலாவிக்கு எட்டாமல், இணைப்பு அறுந்தது என்ற பிழை மட்டும் தெரியும் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பயனர் தன் இணையச் சேவையைக் குறை சொல்வார். அதே கோப்பைக் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியால், விரிவான வெளியீட்டுடன், முதலில் வெளி முகவரிக்கும் பிறகு ப்ராக்ஸியைத் தாண்டிச் செயலியின் போர்ட்டுக்கு நேரடியாகவும் அனுப்பிப் பார்த்தால் எந்த அடுக்கு மறுக்கிறது என்பது சில நிமிடங்களில் தெளிவாகிவிடும். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் அதிகம்.

நேரம்

நேர வரம்புகளைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. என்ஜின்எக்ஸில் கோரிக்கை உடலுக்கான 60 விநாடி வரம்பு, முழுப் பதிவேற்றத்துக்கும் சேர்த்து அன்று; ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் இடையே எதுவும் வராமல் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது. மெதுவாக, ஆனால் தொடர்ந்து வரும் கோப்பை அது தடுக்காது. உண்மையில் 60 விநாடியில் வெட்டுவது பெரும்பாலும் மறுமுனையில், செயலியின் பதிலுக்காகக் காத்திருக்கும் வரம்பு. அது 504 (பதில் நேரத்துக்குள் வரவில்லை) என்று வெளிப்படும். ஏடபிள்யூஎஸ் லோட் பேலன்சரின் சும்மாயிருக்கும் நேர வரம்பும் இயல்பாக 60 விநாடியே.

என்ஜின்எக்ஸ் இயல்பாகக் கோரிக்கை உடல் முழுவதையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே செயலிக்கு அனுப்பும். ஆகவே கோப்பு ஏறிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் செயலியின் லாக் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை வைத்து, கோரிக்கை வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. முன்னேற்றப் பட்டை காட்டும் 100 விழுக்காட்டுக்கும் அதே விளக்கந்தான்: பைட்டுகள் உலாவியை விட்டுப் புறப்பட்டுவிட்டன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வைரஸ் சோதனை, படத்தைச் சிறிதாக்குதல், விரிதாளின் ஆயிரக்கணக்கான வரிகளைத் தரவுத்தளத்தில் சேர்த்தல் போன்றவற்றை அதே கோரிக்கைக்குள் செய்யும் செயலிகளில் நேர வரம்பை உயர்த்துவது தற்காலிக நிவாரணம் மட்டுமே. கோப்பைச் சேமித்தவுடன் பதில் தந்துவிட்டு மற்ற வேலையைப் பின்னணியில் நடக்கும் க்யூவுக்கு (பணி வரிசைக்கு) அனுப்புவதே என் பரிந்துரை. பயனர் பொறுமை இழந்து தாவலை மூடினால், என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாக்கில் 499 என்று பதிவாகும். அந்த எண் அதிகமாகத் தென்படும் இடத்தில், பிழை என்று யாரும் புகார் தராவிட்டாலும் பயனர்கள் கைவிட்டுச் செல்கிறார்கள் என்று பொருள்.

கோப்பின் உள்ளே

வகைச் சரிபார்ப்பில் வரும் தொல்லைகள் சிறியவை போலத் தோன்றினாலும் பயனரை அதிகம் புண்படுத்துபவை. சரியான கோப்பைக் கொடுத்தவரிடம் "தவறான வகை" என்று சொல்லிவிடுகிறோம். உலாவி அனுப்பும் மைம் வகை, கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்து வருவதன்று. பெயரின் நீட்சியையும் இயங்குதளத்தின் பதிவுகளையும் வைத்து வருவது. எக்செல் நிறுவப்பட்ட விண்டோஸ் கணினியில் சிஎஸ்வி கோப்பு எக்செல் வகையாக அறிவிக்கப்படுவது இதனால்தான். நிரலாளரின் கணினியில் ஏறும் கோப்பு அலுவலகக் கணினியில் ஏறாது. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஸிப் தொகுப்பு என்பதால், சில சோதனைக் கருவிகள் அதை ஸிப் என்றே சொல்லும். 2017இல் வெளியான ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை எச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. அதைப் பெயரின் நீட்சியை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி ஏற்றுபவர்கள் நிறைய. எனவே முதல் சில பைட்டுகளைப் பார்ப்பதே நம்பகமான வழி: ஜேபெக் கோப்பு எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், ஸிப் குடும்பத்துக் கோப்புகள் பிகே என்ற எழுத்துகளோடு தொடங்கும், பிஎன்ஜி கோப்பின் இரண்டாம் பைட்டிலிருந்து பிஎன்ஜி என்ற எழுத்துகளே இருக்கும். பாதுகாப்புக்கும் இதுவே தேவை; அனுப்புபவர் அறிவிக்கும் வகையை எந்தச் சூழலிலும் நம்பக் கூடாது.

அளவு வரம்புக்குள் இருந்தும் ஒரு படம் சர்வரைச் சாய்ப்பதுண்டு. ஜேபெக் கோப்பு வட்டில் 6 எம்பிதான் இருக்கலாம். நினைவகத்தில் விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ 4 பைட்டுகள் தேவை. 8000க்கு 6000 புள்ளிகள் கொண்ட படம் விரிந்தால் 192 எம்பி. பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. ஆகவே பைட் அளவோடு நில்லாமல், படத்தை விரிக்கும் முன்பே அதன் அகல உயரத்தையும் தலைப்பிலிருந்து படித்துச் சரிபார்க்க வேண்டும்.

கோப்பு ஏறிவிட்டது, ஆனால் திறக்கவில்லை என்ற புகாருக்கு நான் செய்வது ஒன்றே: பயனரின் மூலக் கோப்புக்கும் சேமிக்கப்பட்ட கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றதை) கணக்கிட்டு ஒப்பிடுவது. மதிப்பு ஒன்றாக இருந்தால் கோளாறு பதிவேற்றத்தில் இல்லை. வேறுபட்டு, சேமிக்கப்பட்ட கோப்பு மூலத்தைவிடப் பெரியதாகவும், ஹெக்ஸ் பார்வையில் இஎஃப் பிஎஃப் பிடி என்ற மூன்று பைட்டுகள் எங்கும் நிறைந்தும் இருந்தால், வழியில் ஏதோ ஓர் அடுக்கு இருமத் தரவை யுடிஎஃப்-8 எழுத்தாக எண்ணி வாசித்திருக்கிறது. புரியாத பைட்டுகளின் இடத்தில் மாற்றுக் குறியை வைத்துவிட்டது. இருமத் தரவுக்கென்று தனியாக அமைக்கப்படாத ஏபிஐ கேட்வேக்களில் இதைக் காணலாம். அப்படிச் சிதைந்த கோப்பை மீட்க வழியில்லை. பயனரிடம் மீண்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சேமிப்பிடம்

வட்டு நிறைந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. சிறுபடங்களை லட்சக்கணக்கில் உருவாக்கும் செயலியில், இடம் பாதிக்கு மேல் இருந்தும் "இடமில்லை" என்ற பிழை வரும். டிஎஃப் கட்டளையை ஐ என்ற தெரிவோடு இயக்கினால் அது வெளிப்படும். செயலியின் சேமிப்புக்கோப்புறை ஒரு வட்டிலும் தற்காலிகக் கோப்புறை வேறொரு சிறிய வட்டிலும் இருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அனுமதிப் பிழை வந்தால் கோப்புறைக்கு 777 (யாரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் அனுமதி) கொடுத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். சேவை எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறது என்று பார்த்து, உரிமையை அந்தப் பெயருக்குக் கொடுப்பது அதே அளவு வேலைதான். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு இயங்கும் சர்வரில் 777 கொடுத்தாலும் எழுத முடியாது. அங்கே கோப்புறையின் அடையாளச் சூழலை மாற்ற வேண்டும். பதிவேற்றிய கோப்புகள் நிரலாக இயங்காத இடத்தில், வெப் சர்வரின் மூலக் கோப்புறைக்கு வெளியே, இருப்பதுதான் நல்லது.

சிறிய கோப்புகள் திறக்கின்றன, பெரிய கோப்புகளுக்கு மட்டும் 403 (அனுமதி இல்லை) வருகிறது என்ற புதிர், பைதான் மொழிக்கான ஜாங்கோ சட்டகத்தில் எழுதிய பழைய செயலிகளில் இருந்தது. 2.5 எம்பிக்குக் குறைவான கோப்பை ஜாங்கோ நினைவகத்தில் வைத்து எழுதும்; பெரியதைத் தற்காலிகக் கோப்பாக எழுதி நகர்த்தும். தற்காலிகக் கோப்பு உரிமையாளர் மட்டுமே படிக்கும் அனுமதியோடு உருவாவதால், வேறு பெயரில் இயங்கும் வெப் சர்வரால் அதைப் படிக்க முடியவில்லை. ஜாங்கோ 3.0 முதல் இயல்பு அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) என்று வைக்கப்பட்டது. ஏறிய கோப்பு பாதி நேரம் தெரிகிறது, பாதி நேரம் 404 என்றால், இரண்டு சர்வர்களில் ஒன்றின் வட்டில் மட்டும் கோப்பு இருக்கிறது. புதிய வெளியீட்டுக்குப் பிறகு எல்லாக் கோப்புகளும் மறைந்தால், அவை ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிதாக உருவாகும் கன்டெய்னரின் உள்ளே எழுதப்பட்டிருந்தன. இரண்டுக்கும் பொதுச் சேமிப்பிடம்தான் தீர்வு.

கோப்பின் பெயரும் கோளாறு தரும், தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் குறிப்பாக. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட்டுகள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயரின் உச்ச நீளம் 255 பைட்டுகள். அதாவது 85 குறியீட்டுப் புள்ளிகளைத் தாண்டும் தமிழ்ப் பெயரை எழுத முடியாது. கடிதத்தின் பொருளை முழுதாகப் பெயராக வைப்பவர்கள் இதை எளிதில் தாண்டிவிடுவார்கள். "கொ" போன்ற எழுத்துகளின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் பைட்டுகளில் வேறுபட, தரவுத்தளத்தில் உள்ள பெயரைக் கொண்டு வட்டில் தேடினால் கோப்பு கிடைக்காது. மேக் கணினியிலிருந்து வரும் பெயர்களில் பிரிந்த வடிவத்தைக் காணலாம். பெயரை என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றித் தரவுத்தளத்தில் காட்சிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வட்டில் சேமிக்கச் செயலியே ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்வது இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் ஒருசேர நீக்கிவிடும்; பெயருக்குள் மேல் கோப்புறைக்குச் செல்லும் புள்ளிகளையும் சாய்கோடுகளையும் வைத்துத் தாக்குபவர்களுக்கும் வழி அடைபடும்.

நூற்றுக்கணக்கான எம்பி அளவுள்ள கோப்புகளை ஒரே கோரிக்கையில் அனுப்பும் செயலிகளில், மேற்சொன்ன வரம்புகளோடு மல்லுக்கட்டுவதைவிட முறையையே மாற்றிவிடலாம். முன்கையொப்பமிட்ட (குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அனுமதி தரும்) முகவரி மூலம் அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பிடத்துக்கு உலாவியே நேரடியாகத் துண்டு துண்டாக அனுப்பினால், நடுவில் அறுந்த துண்டை மட்டும் மீண்டும் அனுப்பலாம். எஸ்3இல் கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக் கூடாது. துண்டுகள் 10,000க்கு மிகக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் ஈடேக் என்ற அடையாள மதிப்பை உலாவி படிக்க முடியும்படி, பக்கெட்டின் (எஸ்3 சேமிப்புக் கொள்கலத்தின்) சிஓஆர்எஸ் அமைப்பில் அந்தத் தலைப்பை வெளிப்படுத்த வேண்டும். இது விடுபட்டால் எல்லாத் துண்டுகளும் ஏறிய பிறகு இறுதி இணைப்பு தோற்கும். பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் கட்டணத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அவற்றைத் தானாக நீக்கும் விதியையும் முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

ஒரு செயலியை என் பொறுப்பில் எடுக்கும்போது சோதனைக்கென்று சில கோப்புகளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறேன்: வரம்புக்கு ஒரு பைட் குறைந்தது, ஒரு பைட் கூடியது, பூஜ்ய பைட் கோப்பு, நீட்சியும் உள்ளடக்கமும் பொருந்தாதது, நீளமான தமிழ்ப் பெயர் கொண்டது, பைட்டில் சிறியதாகவும் புள்ளியில் பெரியதாகவும் உள்ள படம். அளவுச் சோதனைக்கு வெறும் பூஜ்யங்களால் நிரப்பிய கோப்பு வகைச் சரிபார்ப்பில் நின்றுவிடும். உண்மையான ஒரு பிடிஎஃப்பின் முடிவில் பைட்டுகளைச் சேர்த்து அளவைக் கூட்டினால் பல செயலிகள் அதை ஏற்கும். கர்லில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தெரிவைச் சேர்த்து, மெதுவான இணைப்பையும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் பயனர் என்ன செய்தியைப் படிக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, கோப்பின் அளவு, அனுமதிக்கப்பட்ட அளவு, அடுத்து அவர் செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் அந்தச் செய்தியில் இல்லையென்றால் அதைத் திருத்த ஒரு பணியைப் பதிவு செய்கிறேன். அதோடு, செய்தியின் கீழே கோரிக்கையின் அடையாள எண்ணும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பயனர் அந்த எண்ணை அனுப்பிவிட்டால், அதே எண்ணை ப்ராக்ஸியின் லாக்கிலும் செயலியின் லாக்கிலும் தேடி, கோப்பு எதுவரை வந்தது என்பதை அவரிடம் மேலும் ஒரு கேள்வியும் கேட்காமலே சொல்லிவிட முடிகிறது.